ஒன்பதடி நாலு அங்குலம்

ஐம்பத்தாறை எட்டால் வகுத்தால் ஏழு. இதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நானும் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதன்கீழ் அழுத்தமாக ஒரு கோடு வேறு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற மாதிரி நீளமாகப் போகும். வீட்டுக்கார மாமி கல்யாணங்களுக்குச் சீர் பட்சணம் செய்து கொடுப்பவர். பத்துப் பெண்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து முறுக்கு சுற்றுவார்கள். தார்ப்பாய் கட்டிப் பார்த்துச் சலித்துப்போய், இரும்பில் கூரை போட எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் தி.நகரில். நான் அங்கே சைட் இன்ஜினியர். டிப்ளமோதான், ஆனால் சைட்டில் எல்லோருக்கும் நான் மேடம்.

அந்த மேடம் என்கிற வார்த்தைக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள் நான். எனக்குப் பன்னிரண்டு வயதில் எங்களைக் கிளப்பி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து படித்தேன். ஒரு ஆம்பிளை இன்ஜினியர் தப்புச் செய்தால் அது தப்பு. நான் செய்தால் எங்கிருந்து வந்தவள் என்று விசாரிப்பார்கள். அதனால் சைட்டில் கத்துவேன். கொத்தனார், எலக்ட்ரீஷியன், மணல் லாரிக்காரர், யாரையும் விட்டதில்லை. வாய் பெரிதாக இருந்தால் கணக்கு சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

அந்தக் கூரைக்கு வெல்டிங் செய்தவர் எங்களோடு இரண்டு வருஷமாக வேலை செய்துகொண்டிருந்த பாய். என் வயதுதான் இருக்கும். இராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் குடும்பத்தோடு இருந்தார். வீட்டில் உருது பேசுவார், சைட்டில் எங்களைவிடச் சுத்தமான மெட்ராஸ் தமிழ் பேசுவார். கை சுத்தம். அவர் போட்ட வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தால் பிசிறு தட்டாது.

இரும்புக் கூரை என்றால் முதலில் ட்ரஸ். குழாய்களை முக்கோணமாக வெல்டிங் செய்து, இந்தப் பக்கத்துத் தூணுக்கும் அந்தப் பக்கத்துத் தூணுக்கும் குறுக்கே நிறுத்துகிற சட்டம். எட்டடிக்கு ஒன்றாக வரிசையாய் நிறுத்தி, அவற்றின்மேல் நீளவாக்கில் குழாய் ஓட்டி, அதன்மேல் ஷீட்டைத் திருகுவார்கள். ட்ரஸ்ஸுக்கும் ட்ரஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் எல்லாம். அது அதிகமானால் மேலே ஓடுகிற குழாய் தொங்கும்.

மாடி நீளம் ஐம்பத்தாறடி. டிராயிங்கில் எட்டடிக்கு ஒன்று என்று இருந்தது. எண்ணிக்கை போடவில்லை. அதை நான்தான் கணக்குப் பண்ணிப் பாயிடம் சீட்டுக் கொடுத்தேன், ‘ட்ரஸ் 7’ என்று. அவர் தன் சந்திலேயே ஏழையும் செய்து, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கயிறு கட்டி மாடிக்கு இழுத்தாயிற்று. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு எட்டடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே போனேன். கடைசிக் கோட்டைப் போட்டு நிமிர்ந்தால் பாய் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“மேடம், ஒண்ணு கம்மியா கீது.”

“எண்ணிப் பாருங்க பாய். ஏழு இருக்கும்.”

“ஏழு கீது மேடம். கோடு எட்டு கீது.”

குனிந்து பார்த்தேன். எட்டுக் கோடு. ஏழு இடைவெளிக்கு எட்டு ட்ரஸ் வேண்டும். நிற்க வேண்டிய சட்டங்களை எண்ணாமல் நடுவிலிருக்கிற வெற்றிடத்தை எண்ணியிருக்கிறேன்.

பாய் சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்தார். சண்டைக்கு இல்லை, தான்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பார்க்கத்தான். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி, பார்க்கிற மாதிரி பார்த்து, என் பைக்குள் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது அதுதான் ரொம்பக் கூசுகிறது. யோசிக்கக்கூட இல்லை. கை தானாகச் செய்தது.

“ஒரு நாள் குடுங்க மேடம். பைப் வாங்கி ஒண்ணு பண்ணிக்கினு வந்துர்றேன்” என்றார்.

பைப் வாங்கினால் ஆபீஸுக்குத் தெரியும். போன மாதம்தான் என்னோடு வேலை செய்த ஒருவரை எங்கள் முதலாளி எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இனிமேல் நீ சைட்டுக்குப் போக வேண்டாம், இங்கே உட்கார்ந்து ஃபைல் அடுக்கு என்று சொல்லியிருந்தார். ஃபைல் அடுக்குகிறவளை யாரும் மேடம் என்று கூப்பிடமாட்டார்கள்.

“வேணாம். ஏழையும் சமமா பிரிச்சு நிறுத்துங்க. ஒம்பதடி நாலு இஞ்ச் வரும். நான் கணக்குப் போட்டுட்டேன், தாங்கும்.”

தாங்குமா என்று நான் ஒரு கணக்கும் போடவில்லை. இடைவெளிக் கணக்கை மட்டும் மனதில் போட்டேன். ஐம்பத்தாறை ஆறால் வகுத்தது அப்போது சரியாகத்தான் வந்தது.

“நீங்க சொன்னா சரி மேடம்” என்றார். பிறகு தயங்கிக்கொண்டு கருவிப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். கையகலத் தகடு மாதிரி இருந்தது. “பேர் எழுதி வெச்சுகீறேன். மொதோ ட்ரஸ்ல மாட்டிக்கவா? மாமியோட தம்பி பாக்க வர்றாராமே.”

எனக்கும் தெரியும். மாமியின் தம்பி பெருங்குடியில் பெரிய குடோன் கட்டப்போகிறார். இந்தக் கூரை சரியாக வந்தால் அதையும் இதே கைக்குக் கொடுக்கலாம் என்று மாமி பாய் காதுபடவே சொல்லியிருந்தார். பாய் அதுவரைக்கும் யாரோ ஒரு காண்ட்ராக்டருக்குக் கீழே பெயரில்லாமல் வேலை செய்தவர். நேரடியாக ஒரு வேலை, தன் பெயரில் ஒரு கூரை, அவருக்கு அது முதல் தடவையாக இருந்திருக்கும். அதற்குத்தான் அந்தத் தகடு.

சைட்டில் வேறு யார் பெயரும் தெரிவது எங்கள் முதலாளிக்குப் பிடிக்காது. “வேலை முடியட்டும் பாய், பாக்கலாம். என்கிட்ட குடுங்க” என்று வாங்கிக்கொண்டேன். கீழே வந்து ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, மழைக்கோட்டுக்கு அடியில் வைத்தேன்.

வேலை முடிகிற சமயம் மாமி மாடிக்கு வந்து எண்ணினார். எண்ணுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முறுக்கை நூறு நூறாக எண்ணிப் பழகிய கண். “எட்டடிக்கு ஒண்ணுன்னா எட்டுன்னா வரணும், ஏழுதானே இருக்கு?” என்றார்.

நான் கண் சிமிட்டாமல் சொன்னேன். “எட்டு ஆகாது மாமி. சனி எண். நல்ல காரியம் நடக்கிற எடம், ஒத்தப்படையில வரட்டும்னு நான்தான் ஏழாக்கினேன்.”

மாமி முகம் மலர்ந்துவிட்டது. “அட, இந்தக் காலத்துப் பொண்ணு இதெல்லாம் பாக்கறியே” என்று காபி கொண்டுவரச் சொன்னார். வெள்ளி டம்ளரில் வந்தது. எனக்கு ராசி எண் எதிலும் நம்பிக்கை கிடையாது. பாய் ஏணியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் காபியைக் குடித்தேன்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் காற்றில் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஈர மட்டை ஒன்று விழுந்தது. எட்டடியில் நின்றிருந்தால் ஒரு சத்தத்தோடு போயிருக்கும். ஒன்பதடி நாலு அங்குலத்தில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த குழாய் மடங்கிவிட்டது. ஷீட் வாய் பிளந்து, குளம் கட்டியிருந்த தண்ணீர் மொத்தமும் கீழே கொட்டியது. கீழே அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, சுட்டு அடுக்கியிருந்த தேன்குழல் டின்கள். நல்லவேளையாகப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை என்று கேட்டதும் மூச்சு விட்டேன். அடுத்த மூச்சிலேயே என்ன சொல்லித் தப்பிப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடிகூட இருந்திருக்காது.

நான் போனபோது மாமியின் தம்பி கையில் டிராயிங்கோடு நின்றிருந்தார். எனக்கு முன்பே பாய் வந்து, தண்ணீரை ஒதுக்கிவிட்டுத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்.

“எட்டடின்னு போட்டிருக்கு. இங்க ஒன்பதடிக்கு மேல இருக்கு. யார் மாத்தினது?” என்று தம்பி கேட்டார்.

சொல்லியிருக்கலாம். நான்தான் சார், எண்ணும்போது தப்பாகிவிட்டது என்று நாலு வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது பிரிந்து வந்தபோது வேறு வார்த்தைகளோடு வந்தது.

“ஃபேப்ரிகேஷன்ல ஒண்ணு கம்மியா பண்ணிட்டாங்க சார். நான் வந்து பாக்கறதுக்குள்ள ஏத்திட்டாங்க.”

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். பாய் என்னைப் பார்த்தார். மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். ஏழாக்கினது நான்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தேனே.

“ஆமா சார். நம்ம தப்புதான்” என்றார் பாய்.

“இவாளை நம்பி வேலையைக் குடுத்தது என் தப்பு” என்றார் மாமி. அந்த இவாளில் யார் யார் சேர்த்தி என்று அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவும் இல்லை. பாய் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

என் அம்மா அடையாறில் வீட்டு வேலை செய்தவள். ஒருநாள் ஒரு வீட்டில் மிக்ஸி மூடி காணோம். மிக்ஸியை இல்லை, மூடியை. அம்மாவைக் கேட்டார்கள். மூடியை எடுத்துக்கொண்டுபோய் நான் என்ன பண்ணப்போறேன், எங்க வீட்டுல கரண்டே இல்லையே என்று அம்மா இரவெல்லாம் அழுதாள். இரண்டு நாள் கழித்து அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரியை நான் வருஷக்கணக்கில் சபித்திருக்கிறேன். அன்று மயிலாப்பூரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது எனக்கு அவள் நினைவு வந்தது. பெட்ரோல் போடச் சீட்டைத் தூக்கினேன். மழைக்கோட்டுக்கு அடியில் செய்தித்தாள் பொட்டலம் எட்டிப் பார்த்தது. கோட்டை இழுத்து அதை மூடினேன்.

தீபாவளி சீசன் முடிந்து, கல்யாண சீசனும் ஓய்ந்த பிறகுதான் கூரையைத் திருத்த இடம் கொடுத்தார்கள். ஏழுக்கு நடுவில் எட்டாவதைச் சொருக முடியாது. முதலும் கடைசியும் தவிர எல்லாவற்றையும் அறுத்து நகர்த்தி, புதிதாக அளந்து நிறுத்த வேண்டும். தப்பு அவருடையது என்று ஆகிவிட்டதால் கூலி கிடையாது. அது ரமலான் மாதம். வெயில் ஏறிவிட்டது. நான் நிழலில் நின்றுகொண்டு, வியர்த்துக் கொட்டுகிறதே என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“நோம்பு மேடம்” என்றார்.

பாட்டிலைப் பைக்குள் வைத்தேன். நானும் அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. அதை ஒரு பெரிய தியாகம் மாதிரி மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதற்காகவே என்னை நாலு அறை அறையலாம். நாலு நாளில் எட்டு ட்ரஸ்ஸும் எட்டடியில் நின்றன. தகட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் அவரைக் கூப்பிடவில்லை.

பெருங்குடி குடோன் வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. தப்பைக் கண்டுபிடித்துச் சரிபண்ணின பொண்ணு என்று மாமியின் தம்பி என்னைத்தான் கேட்டாராம். முதலாளி என் தோளில் தட்டாத குறை. நான் போனேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. சொல்லவில்லை. வேறு ஆட்களை வைத்துக் கூரையை ஏற்றினேன். ஒவ்வொரு நாளும் ட்ரஸ்ஸை இரண்டு தடவை எண்ணினேன்.

கூரை மடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி, போன மாதம் அடையாறில் ஒரு குடியிருப்பு வாசலில் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. குனிந்திருந்த முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். அதற்குள் அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டார். வேறு ஒருவரிடம் தினக்கூலிக்குக் கேட் போட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா கீறீங்களா மேடம்?”

“இருக்கேன் பாய்.”

“பெருங்குடி எப்டி வந்துச்சு?”

“நல்லா வந்துச்சு.”

“எத்தினி ட்ரஸ்?”

“பதினாறு.”

“நடுவுல பதினஞ்சு கேப்பா?” என்றார். சிரிக்கவில்லை.

எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், ஹெல்மெட்டோடு. “என்ன மன்னிச்சுடுங்க பாய். அன்னிக்கு நீங்க ஏன் ஆமான்னு சொன்னீங்க? இல்லைன்னு சொல்லியிருக்கலாமே” என்றேன். கேட்டுவிட்டு, அதிலும் பாதிப் பழியை அவர் தலையில்தான் போடுகிறேன் என்று புரிந்தது.

“சொன்னா யாரு நம்புவா? டிராயிங் வெச்சுக்கினு நிக்கிறது நீங்க. சீட்டும் உங்க பையில.” அவர் குரல் உயரவில்லை. “மன்னிப்புலாம் எனக்கு வேணாம் மேடம். அந்த மாமிகிட்ட சொல்லுங்க. கோயில் கொளத்தாண்ட ரெண்டு தபா பாத்தேன். மூஞ்ச திருப்பிக்கினு போறாங்க. கூட என் பொண்ணு இருந்துச்சு. அந்தம்மா ஏன் அப்டி பாக்குறாங்கன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?”

கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பொறி மறுபடி பறந்தது.

மாமி வீட்டுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை தெருமுனையோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை உள்ளே போய், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லி, அரைக் கிலோ ரிப்பன் பக்கோடா வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தடவை உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, கோடு, எட்டு ஆகாது என்றது, எல்லாம். மாமி கையிலிருந்த மாவைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார் மெதுவாக. “எட்டு ஆகாதுன்னு எங்கிட்ட சொன்னது நீதானே. என் தம்பி கேக்கறச்சே வாய் வரைக்கும் வந்துது. நானும் எண்ணிப் பாத்து ஒத்துண்டேன்னு ஆயிடுமேன்னு பயந்து முழுங்கிட்டேன். அவர்மேல கோவிச்சுக்கறது சுலபமா இருந்துது.” மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். “நம்மாத்து மாடியில தண்ணிகூட குடிக்காம நாலு நாள் நின்னார். அப்பவாவது ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்.”

பிறகு சட்டென்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். “நானே அவர்கிட்ட பேசறேன். தம்பிகிட்டயும் சொல்றேன், இன்னொரு குடோன் பாத்துண்டிருக்கான். அவர் பேர் என்ன, சொல்லு.”

என் போனைத் திறந்தேன். நம்பர் இருந்தது. அதற்கு மேலே ‘வெல்டிங் பாய்’ என்று இருந்தது.

“பேர் என்னம்மா?”

“பாய்னுதான் கூப்பிடுவேன் மாமி.”

“அது பேரா?” என்றார். கோபமாகக்கூட இல்லை. அவருக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அவர் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அவர் சந்து எது என்று தெரியும். பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. வாசலுக்கு வந்து ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். மழைக்கோட்டுக்கு அடியில் பொட்டலம் அப்படியே இருந்தது. செய்தித்தாள் நனைந்து காய்ந்து பெயின்ட்டோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் கீறிக் கீறிப் பிரித்தேன். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. யாரிடமோ கொடுத்து அழகாக எழுதி வாங்கியிருந்தார். மேலே பெயர். அதன்கீழ் ‘கூரை வேலைகள் சிறந்த முறையில் செய்து தரப்படும்’. கடைசியில் என் போனில் இருந்த அதே நம்பர்.

மாமி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். “படி” என்றார்.

படித்தேன். இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறேன்.